மூடிய குழாயும் உறையும் நீரும்

நீர் உறையும்போது கனவளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது என்பதும், அவ்வாறு பெருக்கும் நீர் உலோகக் குழாயையும் பிளந்துவிடும் என்பதும், மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தாழ்வுபாடு போன்ற ஊர்களில் விஞ்ஞானப் பாடத்தில் படித்துப் பரீட்சையோடு மறந்துவிடக்கூடிய செய்திகளாகவே இருந்துவந்திருக்கின்றன. தை மாதத்து வாடை இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிதான அக்கரையில், முற்றத்துக் குழாய்க்குப் பகையானவை வெயிலும் உப்புக்காற்றும்தான். வெயிலில் கிடக்கும் எஸ்லோன் குழாய் சில ஆண்டுகளில் வெளிறி, தட்டினால் உடையும் நிலைக்கு வந்துவிடுகிறது, இரும்புக் குழாயின் புரி துருவேறி இறுகிக்கொள்கிறது, நண்பகலில் தாங்கியிலிருந்து வரும் நீர் கைபொறுக்காத சூட்டில் இருக்கிறது. எனினும் 1983க்குப் பின் வடபகுதிக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் பாதிப்பேர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் வாழத் தலைப்பட்டனர். 1980களில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களோ வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் குடியேறினர். அக்குடும்பங்களுக்கு, வீட்டின் வெளிச்சுவரில் உள்ள ஒரு சிறு குழாய் ஒவ்வோர் ஒக்டோபரிலும் ஒரு கேள்வியாக வந்து நிற்கிறது.

அக்கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, குளிர் வருமுன் குழாயைத் துணியாலோ பஞ்சாலோ சுற்றிவிட வேண்டும் என்பதாகும். இவ்விடை முற்றிலும் பிழையானதன்று, ஆனால் அது நோயை விட்டுவிட்டு நோயாளியைப் போர்த்துவதில் மட்டும் கவனம் செலுத்துகிறது. குழாய் வெடிப்பதற்குக் குளிர் மட்டும் போதாது, பனிக்கட்டி உண்டாவதும் போதாது. பனிக்கட்டிக்கும் மூடிய திருகிக்கும் இடையில் நீர் சிறிதளவு சிறைப்பட வேண்டும். வெளியேற வழியுள்ள நீர் எவ்வளவு உறைந்தாலும் குழாய்க்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை என்பதும், ஆகவே தடுப்பு, உருக்கல் ஆகிய இரண்டிலும் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது நீருக்குத் திறந்த வழி உண்டா என்பதே என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

இதைப் புரிந்துகொள்வதற்கு மன்னார்க் கரையில் வாழ்பவர் கனடாவரை போக வேண்டியதில்லை. இக்கரையின் மீன் கொழும்புச் சந்தைக்குப் போகும் ரெஜிபோம் பெட்டிகளில் உடைத்துப் போடப்படும் ஐஸ், பெரும் கட்டிகளாக வார்க்கப்படும் முறையிலேயே இதன் விளக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஐஸ் கொம்பனியில், உப்புக் கரைத்த நீர் நிரம்பிய பெருந்தொட்டி ஒன்று அமோனியா போன்ற குளிரூட்டியால் உறைநிலைக்கு 10 பாகையளவு கீழே வைக்கப்படுகிறது. உப்பு கலந்திருப்பதால் அந்நீர் அவ்வெப்பநிலையிலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். அதனுள் நாகம் பூசிய இரும்புத் தகரத்தாலான நீண்ட கலங்கள் நல்ல நீருடன் இறக்கப்படுகின்றன. கலத்தின் வாய் அகன்றும் அடி சற்று ஒடுங்கியும் இருக்கும். நீரும் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை. சுவரோடு ஒட்டிய நீர் முதலில் உறைந்து, உறைவு நாற்புறமிருந்தும் நடுவை நோக்கி நகர, கரைந்திருந்த காற்றும் உப்புகளும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே வெண்மையான தண்டாகச் சிறைப்படுகின்றன. பனிக்கட்டியே வெப்பத்தை மெல்லக் கடத்துவதால் உறைவு நடுவை நெருங்க நெருங்கத் தாமதமாகிறது; 50 கிலோகிராம் கட்டி ஒன்று முற்றாக உறைய ஒரு நாளளவு செல்கிறது.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், அத்தனை நீரும் 9 சதவீதம் பெருத்தும் அந்த மெல்லிய தகரக் கலம் பிளப்பதில்லை. மேலே வாய் திறந்திருப்பதால் பெருத்த பங்கு மேல்நோக்கி எழுந்து, கட்டியின் தலையில் ஒரு மேடாக நின்றுவிடுகிறது. அதே கலத்தை விளிம்புவரை நிரப்பி, இரும்பு மூடியொன்றால் இறுக்கிப் பூட்டித் தொட்டியில் இறக்கினால் அது மறுநாள் காலையில் முழுதாக இருக்காது. கட்டியை வெளியே எடுக்கும் முறையும் அதேயளவு கற்பிக்கக்கூடியது: கலத்தின் மீது எவரும் தீ மூட்டுவதில்லை, 30 பாகையளவில் உள்ள சாதாரண நீரில் அதைச் சிறிதுநேரம் அமிழ்த்த, தகரத்தோடு ஒட்டிய மெல்லிய படை மட்டும் உருகி, கட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. குளிர்நாட்டுக் குழாயைப் பற்றி இனிச் சொல்லப்படுபவற்றுள் பெரும்பங்கு இந்தக் கலத்தின் வாயைப் பற்றிய விரிவுரையேயாகும்.

நீர் உறையும்போது பெருப்பது ஒரு விதிவிலக்கான இயல்பு. பெரும்பாலான பொருட்கள் திண்மமாகும்போது சுருங்குகின்றன. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் அயல் மூலக்கூறுகள் நான்குடன் ஐதரசன் பிணைப்பினால், அதாவது ஒரு மூலக்கூறின் ஐதரசனுக்கும் மற்றொன்றின் ஒட்சிசனுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பினால், கட்டுண்டு அறுகோண வலையொன்றாக ஒழுங்குபட, அவ்வலையின் நடுவே வெற்றிடம் மிகுதியாகிறது. நீர் 4 பாகையில் மிக நெருக்கமாக இருந்து, அதற்குக் கீழே குளிரக் குளிரச் சற்றே விரிந்து, உறையும் கணத்தில் ஒரேயடியாகப் பெருக்கிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், குளத்தின் அடியில் மீன் உயிர்வாழ்வதும், குழாய் வெடிப்பதும் இந்த ஒரே இயல்பின் பயன்கள்.

இப்பெருக்கத்தின் விசையை அளந்துபார்க்கும் ஆவல் பழமையானது. 17ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரத்து ஆய்வுக் கழகத்தினர் உலோகக் கோளங்களில் நீரை நிரப்பி மூடி உறையவைத்துப் பிளந்துகாட்டினர். அதைவிட இவ்வுரைக்கு நெருக்கமானது கியூபெக்கில் 1784, 1785 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்தில் பிரித்தானியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் செய்த சோதனை. உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, திரி செருகும் துளையை இரும்பு அடைப்பானால் அடித்து இறுக்கிக் குளிரில் வைத்தபோது, நீர் உறைந்து அடைப்பானை 400 அடிக்கும் அப்பால் எறிந்தது. துளையிலிருந்து பனிக்கட்டித் தண்டொன்றும் பிதுங்கி நின்றது. அடைப்பான் பிடுங்கப்படாதபடி கொளுவி வைக்கப்பட்ட குண்டோ நடுவில் பிளந்து, பிளவின் வழியே பனிக்கட்டி தகடாக வெளிவந்தது. வழி கிடைத்த குண்டு தப்பிற்று, வழி அடைபட்டது பிளந்தது; 200 ஆண்டுகளுக்குப் பின் குழாய்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் அடிப்படையில் இம்முடிவையே நுணுக்கமாகச் சொல்லின.

அவ்வாய்வுகளுள் ஒன்று கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆர். ஆர். கில்பின் 1977இல் வெளியிட்டது. குழாயில் அசையாது நிற்கும் நீர், வெப்பநிலை பூச்சியத்தை எட்டியவுடனே உறைந்துவிடுவதில்லை. உறைவு தொடங்குவதற்கான கரு கிடைக்காமையால் பல பாகைகள் கீழே போயும் திரவமாகவே நிற்கிறது, இந்நிலை மீக்குளிர்வு எனப்படும். பின் எங்கோ ஓரிடத்தில் உறைவு தொடங்கியதும், மெல்லிய தகடுகளும் கிளைகளுமான பனிக்கட்டி குழாயின் குறுக்கே நொடிகளில் பரவுகிறது. மைனஸ் 5 பாகைவரை மீக்குளிர்ந்த நீரில் அக்கணத்தில் உறைவது ஏறத்தாழ நூற்றில் 6 பங்குதான், ஆயினும் அந்தச் சிறுபங்கே குழாயை அடைத்து ஓட்டத்தை நிறுத்தப் போதுமானது என்பதைக் கில்பின் காட்டினார். குழாய் உறைவது சுவரிலிருந்து உள்நோக்கி மெல்ல ஒடுங்கும் செயலென்ற பொதுக்கருத்து, ஐஸ் கலத்துக்குப் பொருந்தும் அளவுக்குக் குழாய்க்கு எப்போதும் பொருந்துவதில்லை.

மற்றொன்று, 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வு மன்றத்தில் நடந்தது. காப்பிடப்படாத குழாய்களைக் குளிரான கூரையடியில் வைத்துப் பார்த்ததில், வெளிவெப்பநிலை மைனஸ் 7 பாகையளவுக்கு இறங்கும்போதே உறைவின் ஆபத்து தொடங்குகிறது என்றும், வெடிப்பு பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் நேர்வதில்லை என்றும் தெரியவந்தது. பனிக்கட்டி குழாயை அடைத்த பின் அதன் நீளம் வளர வளர, முன்னால் உள்ள நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. தெருப்பக்கத்து நீர் பெருங்குழாய்க்குள் பின்வாங்கிக்கொள்ள இடமுண்டு. மூடிய திருகிப் பக்கத்து நீருக்கோ போக்கிடம் இல்லை. நீரை அமுக்கிச் சுருக்குவது எளிதன்று என்பதால் அமுக்கம் விரைந்து ஏறி, இன்னும் உறையாத நீர் நிற்கும் பகுதியிலேயே, அதுவும் அடைப்பிலிருந்து தள்ளியுள்ள பலவீனமான மூட்டு அல்லது வளைவில், குழாய் கிழிகிறது.

அவ்வமுக்கம் எவ்வளவுவரை போகலாம் என்பதற்கு இயற்கையே ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறது. அமுக்கம் கூடினால் நீரின் உறைநிலை இறங்கும். ஒரு பாகை இறங்குவதற்கு வளிமண்டல அமுக்கத்தின் 130 மடங்களவு தேவை. ஆகவே மைனஸ் 5 பாகையில் மூடிய இடத்தில் உறையும் நீர், வளிமண்டல அமுக்கத்தின் 600 மடங்குக்கு அண்மைவரை அழுத்த வல்லது. வீட்டுக் குழாயில் நாளாந்தம் இருப்பதோ வளிமண்டலத்தின் நான்கைந்து மடங்கு. செப்புக் குழாய் வலியது, உருக்குக் குழாய் அதனினும் வலியது என்ற வாதங்களுக்கு இக்கணக்கின் முன் இடமில்லை. வளைந்துகொடுக்கும் நெகிழிக் குழாய் சற்று விரிந்து தப்பக்கூடும், ஆனால் அதன் மூட்டுகள் உலோகமாயின் அவை தப்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முன்சொன்ன மைனஸ் 7 பாகை என்ற எல்லை நுவரெலியாவைப் பற்றிய ஒரு கேள்விக்கும் விடையளிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் தை மாசி விடியற்காலைகளில் புல்லின்மேல் வெண்பனி உறைவதும், தேயிலைக் கொழுந்தும் மரக்கறியும் கருகுவதும் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வரும் செய்தி. ஆனால் அங்கு வீடுதோறும் குழாய் வெடித்ததாக யாரும் சொல்வதில்லை. முகிலற்ற இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு நேரே கதிர்த்துச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலிருக்கும்போதே தரையில் உறைவு நிகழ்வது இதனால்தான். குழாயும் அதனுள் உள்ள நீரும் கனமானவை, இலையைப்போல் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடுவனவல்ல. அவை மைனஸ் 7 பாகையை எட்டுமுன் பொழுது விடிந்துவிடுகிறது.

குளிர்நாட்டு வானிலை அறிவிப்பில் வரும் காற்றுக்குளிர்ச் சுட்டி என்ற எண்ணும் இவ்விடத்தில் விளக்கப்பட வேண்டியது. வெளியே மைனஸ் 6, காற்றோடு சேர்த்து மைனஸ் 15 என்று அறிவிக்கப்படும்போது, பின்னைய எண் மனிதத் தோல் வெப்பத்தை இழக்கும் வேகத்தைக் குறிப்பது. குழாய்க்கு அவ்வெண் பொருந்தாது, காற்று எவ்வளவு வீசினாலும் காய்ந்த குழாய் மைனஸ் 6க்குக் கீழே போகாது. ஆயினும் காற்று அவ்வெல்லையை விரைவில் எட்டச் செய்கிறது. சோளகமும் வாடையும் எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று அறிந்து படகிறக்கும் கரையிலிருந்து போனவர்கள், சுவரில் கம்பி போகும் சிறு துளை வழியே குழாயின்மேல் நேரே அடிக்கும் காற்றைக் கவனியாது விடுவது வியப்புக்குரியது. அத்துளையை அடைப்பது சில வேளைகளில் குழாய்க்குப் பஞ்சு சுற்றுவதைவிடப் பயன்தருகிறது.

இனி வெளிச்சுவர்க் குழாயின் அமைப்பைப் பார்க்கலாம். ரொறன்ரோ வட்டாரத்துப் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் எனப்படும் கீழ்த்தளத்தின் உட்சுவரில், வெளிக்குழாய்க்குப் போகும் கிளையில் ஒரு வால்வு இருக்கும். அவ்வால்வின் பக்கவாட்டில், வெளிக்குழாயை நோக்கிய பக்கத்தில், விரல்நுனி அளவில் ஒரு பித்தளை மூடி திருகப்பட்டிருக்கும். ஒக்டோபர் முடியுமுன் செய்ய வேண்டியது இவ்வளவே: வெளியே தோட்டத்து ஹோஸைக் கழற்றி, உள்வால்வை இறுக மூடி, வெளித்திருகியைத் திறந்துவிட்டு, உள்ளே அந்தப் பித்தளை மூடியின் கீழ் ஒரு வாளியைப் பிடித்து மூடியைத் தளர்த்த வேண்டும். மூடி தளர்ந்தவுடன் காற்று உட்புக, இரு பக்கமும் தேங்கியிருந்த நீர் வடிந்துவிடும். அதன்பின் வெளித்திருகியைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே விட வேண்டும். நீர் வராத குழாயைத் திறந்துவைப்பது ஒழுங்கீனமாகத் தோன்றலாம். தண்ணீரைக் குடம்குடமாய் எண்ணிப் புழங்கிய வீட்டிலிருந்து வந்தவரின் கை அதை மூடிவிடவே விரையும். ஆனால் உள்வால்வு சிறிது கசிந்தாலும் அந்நீர் வெளியே சொட்டிப்போக வேண்டுமானால் அத்திருகி திறந்தே இருக்க வேண்டும்.

புதிய வீடுகளில் பொருத்தப்படும் உறையாக் குழாய் இவ்வேலையைத் தானே செய்யும்படி அமைக்கப்பட்டது. அதன் கைபிடியும் வாயும் வெளியே இருக்க, நீரை அடைக்கும் ரப்பர் வளையம் ஒரு நீண்ட தண்டின் நுனியில், சுவருக்கு உள்ளே சூடான பக்கத்தில் இருக்கிறது; தண்டு எட்டு முதல் பன்னிரண்டு அங்குலமளவு நீளும். திருகியை மூடியதும் வளையத்துக்கு வெளியே உள்ள நீர் முழுவதும் வாய்வழியே வடிந்துபோகும். வடிவதற்காக அக்குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் பொருத்தப்பட வேண்டும். இதனை வாங்கிப் பொருத்தியவர்கள் குளிர்காலத்தைப் பற்றிய கவலையே விட்டுவிடுவதுதான் இதன் குறை. ஹோஸ் கழற்றப்படாமல் தொங்கினால் வாய் அடைபட்டு, தண்டைச் சுற்றிய நீர் வடியாமல் தேங்கிவிடுகிறது. அது உறையும்போது, குண்டில் அடைப்பானைக் கொளுவிவைத்த வில்லியம்ஸின் நிலைமையே சுவருக்குள் உண்டாகிறது. மலிவான பழைய குழாய் உடைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, விலைகூடிய உறையாக் குழாய் ஒரு ஹோஸினால் உடைவது நம்புதற்கரியதாகத் தோன்றும். ஆனால் பிளம்பர்கள் இளவேனிலில் ஓடித்திரிவது பெரும்பாலும் இதற்காகவே.

குழாயைச் சுற்றும் நுரைக்காப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ள வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஓர் இரவுக் குளிருக்கு அத்தாமதம் போதும். நீர் ஓடாமல் நின்றபடி நாட்கணக்கில் குளிர் நீடித்தால் சுற்றிய குழாயும் உறையும். வெப்பம் தர வேண்டுமாயின் மின்னால் சூடேறும் வடம் ஒன்றைக் குழாயோடு ஒட்டிக் கட்ட வேண்டும். குளிர் கூடும்போது தானே சூட்டைக் கூட்டிக்கொள்ளும் வகை இன்று கிடைக்கிறது. பழைய வகை வடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அவ்விடம் கருகித் தீப்பற்றக்கூடும் என்பதால், அதனோடு வரும் அறிவுறுத்தலை மீறிச் சுற்றுவது ஆபத்து. குளிர் இரவில் உள்வீட்டுத் திருகியைச் சொட்டவிடும் வழக்கமும் பரவலாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது: சொட்டும் நீர் குழாயைச் சூடாக்கி உறைவைத் தடுப்பது சிறிதளவே. அடைப்பு உண்டானாலும் அதற்கும் திருகிக்கும் இடையில் அமுக்கம் ஏறாமல் வழிவிட்டுவைப்பதே அதன் முதற்பயன்.

நிலத்துக்குக் கீழே நிலைமை வேறு. ரொறன்ரோவில் நிலம் உறையும் ஆழம் 1.2 மீற்றரளவு என்று கட்டட விதிகள் கொள்கின்றன; நீர்க்குழாய்கள் அதற்கும் கீழே புதைக்கப்படுகின்றன. தாழ்வுபாட்டு மணலில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி இட்ட குழாயைக் கண்ட கண்ணுக்கு இது வீண்செலவாகத் தெரியும். ஆயினும் மண்ணுக்குள் குளிர் இறங்குவது மிக மெதுவாகையால் அதன் விளைவு காலந்தாழ்ந்து வருகிறது. 2014ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வினிபெக் நகரில் வீடுகளுக்குப் போகும் நிலத்தடிக் குழாய்கள் பெருந்தொகையில் உறைந்தபோது, மேலே வெயில் ஏறத் தொடங்கிய மாதங்களிலும் புதிது புதிதாக உறைந்துகொண்டேயிருந்தன; ஒரு திருகியைப் பென்சில் தடிமனில் இடைவிடாது ஓடவிடும்படி நகராட்சி பல வீட்டாரைக் கேட்டுக்கொண்டது. லடாக்கிலோ குழாய் உறைவதே ஒரு தொழில்நுட்பத்தின் குறுக்கே நிற்கிறது: சோனம் வாங்சுக் 2013இலிருந்து வளர்த்த பனித்தூபி முறையில், மேட்டு ஓடையின் நீர் நிலத்தடிக் குழாய்வழி வந்து தூறலாகக் கக்கப்பட்டுக் கூம்பாக உறைந்து, வயலுக்கு நீர் வேண்டும் இளவேனிலில் உருகிக் கொடுக்கிறது. கூம்பில் உறைய வேண்டிய நீர் குழாயிலேயே உறைந்துவிடாதிருக்க ஓட்டம் நில்லாதிருக்க வேண்டும், நின்றால் உடனே வடித்துவிட வேண்டும்.

குளிரை எண்ணாமல் கட்டிய வீட்டில் என்ன நேரும் என்பதை 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் காட்டிற்று. வெப்பத்தை வெளியேற்றவே அமைந்த வீடுகளில் நீர்க்குழாய்கள் கூரையடியிலும் வெளிச்சுவர்களிலும் காப்பின்றி ஓடின; பல நாள் உறைகுளிரோடு மின்சாரமும் நின்றுபோக, எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்து, மில்லியன் கணக்கானோர் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியதாயிற்று. மின்வெட்டு நீளும் என்று தெரிந்தால் வீட்டின் முதன்மை வால்வை மூடி, எல்லாத் திருகிகளையும் திறந்து குழாய்களை வெறுமையாக்கிவிடுவதே அந்நிலையில் எஞ்சும் ஒரே காப்பு.

குழாய் உறைந்தேவிட்டால் செய்யத்தக்கது பற்றி இனிச் சொல்ல வேண்டும். திருகியைத் திறந்தும் நீர் வராமலோ நூலளவு மட்டும் வந்தோ நின்றால் உறைவு உண்டென்று கொள்ளலாம். முதலில் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் குழாய் ஏற்கெனவே பிளந்திருந்தால் பிளவுக்கு நீர் வராதபடி பனிக்கட்டியே தடுத்துக்கொண்டிருக்கும், உருகிய பின்னரே வெள்ளம் வரும். அடுத்து, உறைந்த குழாயின் திருகியைத் திறந்தபடி விட வேண்டும். வெப்பத்தைத் திருகிப் பக்கத்திலிருந்து தொடங்கி உட்புறமாக நகர்த்த வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய நீர் இரு பனிக்கட்டிகளுக்கிடையே அகப்பட்டு, சூடேறி விரிந்து குழாயைக் கிழிக்கக்கூடும்.

எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பதற்றம் குறையும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 334 கிலோயூல் வெப்பம் செல்கிறது; இது அதே நீரை 80 பாகை சூடேற்றத் தேவையான அளவு, வெப்பநிலை மாறாமலே செலவாவதால் மறைவெப்பம் எனப்படுகிறது. உள்விட்டம் 15 மில்லிமீற்றரான குழாயில் ஒரு மீற்றர் நீளத்துக்கு உள்ள நீர் 180 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதை உருக்க வேண்டிய வெப்பத்தை 1,500 வாற்று ஹேர் டிரையர் ஒன்று நாற்பது செக்கனில் கக்கிவிடும். ஆனால் அவ்வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடு போய்விடுவதால் நடைமுறையில் அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். வெந்நீரில் நனைத்த துவாயைச் சுற்றி அடிக்கடி மாற்றுவதும் இதேயளவு பயன்தரும், மின்சாரமும் ஈரமும் ஒன்றுசேரும் ஆபத்தும் அதில் இல்லை. ஐஸ் கலத்துக்கு 30 பாகை நீர் போதுமாயிருந்ததுபோலவே இங்கும் பொறுமையே வேலையைச் செய்கிறது. ஊதுவிளக்கின் தீ சுவருக்குள் உள்ள மரச்சட்டத்தைப் பற்றவைத்து வீட்டையே எரித்துவிடக்கூடும். கீழ்த்தளத்தில் கரிச்சட்டி மூட்டுவதோ மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயுவை உண்டாக்கி உயிரையே பறிக்கும். உலோகக் குழாயில் வெல்டிங் இயந்திரத்தின் மின்னோட்டத்தைச் செலுத்தி உருக்கும் பழைய முறை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. அவர்கள் கையிலும் அது தீவிபத்துக்கு இடமளித்திருக்கிறது. அடைப்பு சுவருக்குள் எட்டாத இடத்தில் இருப்பின் அறையின் சூட்டைக் கூட்டி, சிங்குக்குக் கீழான அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்துப் பிளம்பரை அழைப்பதே முறை.

ஏப்ரலில் வெளிக்குழாயை மீண்டும் திறக்கும் நாளுக்கும் ஒரு முறை உண்டு. உறையாக் குழாயின் தண்டு குளிர்காலத்தில் பிளந்திருந்தால், பிளவு அடைப்பு வளையத்துக்கு வெளிப்பக்கம் இருப்பதால் திருகி மூடியிருக்கும்வரை ஒரு துளியும் கசியாது. முதல் நாள் ஹோஸை மாட்டிப் பூச்செடிக்கு நீர் விடும்போது, வெளியே நீர் ஓடிக்கொண்டிருக்க உள்ளே சுவரும் நனைந்துகொண்டிருக்கும். ஆகவே ஹோஸ் மாட்டுவதற்கு முன் ஒருவர் கீழ்த்தளத்தில் அக்குழாயின் அடியில் விளக்கோடு நிற்க, மற்றவர் வெளியே திருகியைத் திறந்து குழாய்வாயைப் பெருவிரலால் இறுக அடைத்துப் பார்க்க வேண்டும். விரலைத் தள்ளிக்கொண்டு நீர் பீறிட்டால் குழாய் நலம். விரலால் எளிதில் அடக்க முடிந்தால் அமுக்கம் வேறு வழியில் போகிறது என்று கொண்டு, திருகியை உடனே மூடிவிட வேண்டும்.